ஆறாவது சுற்றில் மச்சானின் கை

“பி.ப. 4.12. ஆண்கள் 1000 மீற்றர், காலிறுதி. ஆறாவது சுற்று. மச்சானின் கை”

இந்த வருடம் பெப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் கீழ் என் குறிப்புப் புத்தகத்தில் இப்படி இருக்கிறது. வாக்கியம் முடியவில்லை. நாளும் நேரமும் போட்டு எழுதும் பழக்கம் எனக்கு முப்பது வருடமாக உண்டு. பாதியில் நின்ற பதிவு இது ஒன்றுதான். அதில் உள்ள நேரமும் பிழை. அது அன்றைக்கே தெரிந்துவிட்டது.

மச்சான் என்பது என் தங்கையின் கணவர். ஹந்தானையில் பிறந்தவர். ஐரோப்பாவில் ஒரு நகரத்து ஐஸ் அரங்கில் பதினொரு வருடமாக வேலை செய்கிறார். ஐஸின் மேல் சறுக்கி ஓடும் குறுந்தூரப் பந்தயத்துக்கான சர்வதேசப் போட்டி அந்த அரங்குக்கு வந்தது. அரங்கின் ஊழியர்களில் சிலரை ஓடுபாதை உதவியாளர்களாக எடுத்தார்கள். மச்சானும் தெரிவானார்.

அந்தப் பாதை மிகச் சிறியது. ஒரு சுற்று நூற்றுப் பதினொரு மீற்றர். வளைவைக் காட்டுவதற்குக் கறுப்பு ரப்பர் குற்றிகளை ஐஸில் ஒட்டாமல் சும்மா வைத்திருப்பார்கள். வீரர்கள் கை ஐஸில் உரசும் அளவுக்குச் சாய்ந்து திரும்பும்போது குற்றிகள் தெறித்துப் போகும். அவர்கள் மறுபடி அங்கே வர ஏறக்குறைய ஒன்பது விநாடி ஆகும். அதற்குள் குற்றியை அதன் இடத்தில் வைத்துவிட்டு உள்பக்கம் ஒதுங்கிவிட வேண்டும். முன்னால் ஓடுகிறவர்களைக் கண்ணால் பிடித்துக்கொண்டு மனதுக்குள் எண்ணுவதாக மச்சான் ஒருமுறை எனக்கு எழுதியிருந்தார். அந்த எண்ணிக்கையில் அவருக்குப் பெருமை.

இங்கே மஹய்யாவையில் தங்கை வீட்டில் மூன்று பேர் இருந்தோம். மூன்றாவது ஆள் மடவளையில் போன் கடை வைத்திருப்பவர். நேரலையைத் தன் போனில் பிடித்து, வயர் போட்டு, தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். மஞ்சள் சட்டையோடு மச்சான் திரையில் தெரிந்ததும் தங்கை கதிரையை முன்னால் இழுத்துப் போட்டாள். “ஐஸ்ல நிக்கிறதயா டீவில காட்டுறாங்க?” என்றார் மடவளைக்காரர். “எங்கட மீன் கடைக்காரரு டெய்லி நிக்கிறாரு, ஒருத்தரும் படம் புடிக்கல்ல.” தங்கை சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அதோடு சரி.

நான் ஒவ்வொரு பந்தயத்தின் தொடக்க நேரம், வீரர்களின் நாடு, தொப்பி இலக்கம், முடிவு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதி முடியும்வரை போனைத் தட்டிப் படத்தை நிறுத்தி வைத்தேன். பால் போடாத பிளேன்டியும் வடையும் வந்தபோதும் நிறுத்தினேன். சும்மா நிறுத்திக்கொண்டே இருக்க வேண்டாம் என்று தங்கை இரண்டு தடவை சொன்னாள்.

அந்தக் காலிறுதியில் ஐந்து பேர். ஐந்தாவது சுற்றில், மச்சான் நின்ற வளைவில், இருவர் கால் பின்னிக்கொண்டார்கள். ஒருவர் வழுக்கிப் போய்ப் பாதையோரத் தடுப்பு மெத்தையில் மோதினார். மற்றவர் தடுமாறி, விழாமல் சமாளித்து, வெகுவாகப் பின்தங்கி மறுபடி ஓடத் தொடங்கினார். அடுத்த முறை முன்னால் இருந்த மூவரும் வளைவைக் கடந்த கையோடு மச்சான் வந்து முழங்காலிட்டு, தெறித்துக் கிடந்த குற்றியை எடுத்து வைத்தார். அவர் எண்ணியது அந்த மூவரை வைத்து. பின்தங்கி வந்தவர் அவருடைய எண்ணிக்கையில் இல்லை.

அந்த வீரர் உள்பக்கமாகச் சாய்ந்து வந்தார். குற்றியின் மேல் இருந்த கைக்கு மேலாகச் சறுக்குக் காலணியின் இரும்புத் தகடு போனது. வீரர் உருண்டார். விசில் கேட்டது. மச்சான் கத்தியதாகத் தெரியவில்லை. வலது கையை இடது அக்குளுக்குள் செருகிக்கொண்டு, தானே நின்று, தானே சறுக்கி, படத்துக்கு வெளியே போனார். கமரா பார்வையாளர்கள் பக்கம் திரும்பியது. மறுபடி ஐஸைக் காட்டியபோது இன்னொரு மஞ்சள் சட்டைக்காரர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து அந்த இடத்தில் ஊற்றினார். ஐஸில் விழும் கீறலை மூட எப்போதும் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆனால் இவர் ஊற்றிவிட்டுத் தேய்த்தார்.

“கழுவுறாங்க,” என்றார் மடவளைக்காரர், மிக மெதுவாக.

தங்கை தன் போனில் அழைத்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மெசேஜ் பக்கத்தில் அவர் பெயருக்குக் கீழே, கடைசியாகப் பார்த்தது 3.48 என்று இருந்தது. நான் புத்தகத்தைப் பார்த்தேன். அடிபட்டது 4.12. அப்படியென்றால் பந்தயத்துக்கு முன்னால் பார்த்துவிட்டுப் போனை வைத்திருக்கிறார், இப்போது போன் அவரிடம் இல்லை, அதனால்தான் எடுக்கவில்லை என்று விளக்கினேன். என் குரல் எனக்கே நிதானமாகக் கேட்டது. தங்கை தலையாட்டினாள்.

மடவளைக்காரர் தன் போனைக் கையில் எடுத்துப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

“சேர், நாங்க பார்த்தது லைவ் இல்ல. நீங்க நிப்பாட்ட நிப்பாட்ட பின்னுக்குப் போயிருக்கு. முப்பத்திநாலு நிமிசம்.”

கணக்குப் போட ஒரு நொடி போதும். அடிபட்டது 3.38. நான் அன்று எழுதிய அத்தனை நேரங்களும் பொய். மச்சானின் போன் திறக்கப்பட்டது அடிபட்டுப் பத்து நிமிடத்துக்குப் பிறகு. அதை நல்ல செய்தியாக நினைத்து நான்தான் உரக்கச் சொன்னேன். போனைத் திறக்க முடிந்திருக்கிறது, அப்படியென்றால் பெரிதாக ஒன்றுமில்லை என்றேன்.

தங்கை என்னைப் பார்த்தாள். “அப்ப ஏன் அவரு எனக்கு எடுக்கல?”

அவர் திறந்தாரா, அல்லது யாராவது அவருடைய போனில் வீட்டு நம்பரைத் தேடினார்களா என்று மனதில் ஓடியது. அதை நான் சொல்லவில்லை. அவளும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். எழுந்து போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

5.51க்கு அழைப்பு வந்தது. குரல் மட்டும். தங்கை போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். மச்சானின் குரல் வழக்கத்தைவிடத் தெளிவாக இருந்தது. கையில் சின்னக் காயம், தையல் போட்டிருக்கிறது, டிவியில் பார்த்துப் பயந்தீர்களா என்று கேட்டார். பிழை அந்த வீரருடையது அல்ல, எண்ணாமல் விட்டது தான்தான் என்றார். அதை இரண்டு முறை சொன்னார். தங்கை வீடியோவைப் போடச் சொன்னாள். சிக்னல் சரியில்லை என்றார்.

“வெரலு எல்லாம் இருக்கா?”

அந்தப் பக்கத்தில் யாரோ கதவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

“இருக்கு, இருக்கு. அழாத.”

அவள் அழவே இல்லை.

அதன் பின் தினமும் பேசுகிறார். இரண்டு முறை வீடியோவிலும் வந்தார், முகம் மட்டும். போட்டியின் பதிவை நான் இணையத்தில் தேடிப் பார்த்தேன். அந்தக் காலிறுதியில் ஐந்தாவது சுற்றுக்குப் பிறகு எதுவும் இல்லை, அடுத்த பந்தயம் வந்துவிடுகிறது. அரங்கின் மேலாளருக்கு எழுதலாம் என்றேன். தங்கை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவர் சொல்லும்போது சொல்லட்டும் என்கிறாள்.

வலது கையில் ஐந்து விரல்களும் இருக்கின்றன என்பதற்கு இன்றுவரை மச்சானின் வாய்ச்சொல் ஒன்றுதான் ஆதாரம். எங்களில் யாரும் அந்தக் கையைப் பார்க்கவில்லை.