பழவாசம் நுழையாத வீடு

துணி சோப்பைக் குழைத்து முழங்கைவரை தேய்த்துக்கொண்டிருக்கிறார் மத்தளம். சந்தைக்குப் பின்னால் இருக்கிற பொதுக் குழாய். கை ஆயிற்று, கழுத்து ஆயிற்று. இப்போது துடைப்பக் குச்சியை ஒடித்து நகக்கண்களைக் குடைகிறார். விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறார். முகம் சுளிக்கிறது. மறுபடியும் சோப்பு. வாளியோடு காத்து நிற்கிற டீக்கடைக்காரருக்குப் பொறுமை போய்விடுகிறது. "ஆபரேஷன் பண்ற டாக்டர்கூட இந்தக் கழுவு கழுவ மாட்டாருய்யா. நகரு." மத்தளம் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. பையில் மடித்து வைத்திருந்த வீட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு, கடைச் சட்டையைக் குழாயடிச் சுவர் ஆணியில் தொங்கவிட்டுக் கிளம்புகிறார்.

மீன் விற்கிறவர் இப்படிக் கழுவினால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. இவர் விற்பது பழம். ஊரே நின்று மூச்சை இழுத்து அனுபவித்துவிட்டுப் போகிற வாசனை. அதை இவர் ஒருவர்தான் அழுக்கைத் தேய்க்கிற மாதிரி தேய்த்துத் தொலைக்கிறார்.

அப்பா அம்மா வைத்த பெயர் என்னவோ, சந்தையில் யாருக்கும் தெரியாது. தர்பூசணியை மடியில் கிடத்தி, கண்ணை மூடி, இரண்டு கையாலும் மாறி மாறித் தட்டுவார், அதனால் மத்தளம். ஒரு தட்டில் பழுத்ததா, வெம்பியதா, உள்ளே நார் ஓடியதா என்று தெரிந்துவிடுமாம். தெரிகிறதோ இல்லையோ, வாங்குகிறவருக்கு அந்தத் தட்டலைக் கேட்க ஆசை. கோடை பிறந்துவிட்டால் போதும், கடை முகமே மாறிவிடும். மாம்பழத்தைக் காம்பு மேலே தெரிய அடுக்கியிருப்பார். முலாம்பழத்தை வைக்கோலில் உட்கார வைத்திருப்பார். தர்பூசணியில் ஒன்றைப் பிளந்து வாசலிலேயே சிவப்பு தெரிய வைத்திருப்பார். கேள்வி கேட்கிற ஆளிடம் வாயாடுவதில்லை. கத்தி முனையில் ஒரு துண்டைக் குத்தி நீட்டுவார். "முதல்ல வாய்ல போடுங்க. அப்புறம் வாயைத் திறங்க." தின்று பார்த்தும் விலை பேசுகிறவர்களுக்கு வேறு பதில் உண்டு. "இனிக்கலைன்னா நாளைக்கு வந்து என்னை நாலு திட்டு திட்டுங்க. இங்கயேதான் இருப்பேன்."

கத்தி முனைத் துண்டில்தான் அவருடைய கல்யாணமே நடந்தது. எதிர்ச் சந்தில் கிழிசல் தைத்துக்கொண்டிருந்த ஒரு தையல்காரி தினமும் மதியம் வருவாள். மாம்பழத்தில் ஒரு துண்டு, முலாம்பழத்தில் ஒரு துண்டு, திராட்சையில் இரண்டு என்று நின்றபடியே சாப்பிடுவாள். பிறகு "நாளைக்குப் பார்க்கலாம்" என்று போய்விடுவாள். ஒரு கோடை முழுக்க இப்படி. கடைசியில் மத்தளம் கேட்டார், "நீ வாங்க வர்றியா, திங்க வர்றியா?" அவள் விரலை நக்கிக்கொண்டே சொன்னாள், "கட்டிக்கிட்டா ரெண்டுக்கும் சேர்த்து ஒரே கணக்காப் போயிடும்ல." சாம்பிள் தின்றே சம்பந்தம் முடித்தவள் என்று சந்தையில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அவள் தின்கிற அழகு இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட முடியாது. மாம்பழத்தைத் தோலோடு கடிப்பாள். சாறு மணிக்கட்டில் இறங்கி முழங்கைக்கு ஓடும். கையைத் திருப்பி முழங்கையிலிருந்து மேலே ஒரே இழுப்பாக நக்குவாள், கூச்சம் நாச்சம் எதுவும் கிடையாது. பக்கத்தில் காய்கறி விற்கிற பெரியவளை எல்லோரும் காய்கடை அக்கா என்பார்கள். அந்த அக்காவின் கூடையிலிருந்து கேட்காமலே ஒரு தக்காளியை எடுத்துக் கடிப்பாள், பிஞ்சு வெள்ளரியை ஒடிப்பாள். பிள்ளை குட்டி இல்லாத அந்த வீட்டில் கோடை என்றால் திருவிழாதான்.

அந்த வாய்க்குத்தான் பூட்டு விழுந்தது. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. வாரத்துக்கு இத்தனை தடவை என்று ஆஸ்பத்திரி இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு மேல் பத்தியம். மாம்பழம் கூடாது, தர்பூசணி கூடாது, முலாம்பழம் கூடாது, தக்காளி கூடாது. தண்ணீரே அளந்துதான். பழத்தில் இருக்கிற ஏதோ ஒரு சத்து ரத்தத்தில் ஏறினால் நெஞ்சு நின்றுவிடும் என்றார்கள். காய்கறியைக்கூட நறுக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சக்கையைத்தான் தர வேண்டும். பழக்கடைக்காரன் பெண்டாட்டிக்குப் பழம் ஆகாது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று பழமொழி சொன்னவன் இந்த வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

இங்கேதான் மத்தளத்தின் புத்தி குறுக்கே ஓடியது. காயின் சத்து தண்ணீரோடு போகும் என்றால் பழத்தின் சத்தும் போகத்தானே வேண்டும்? நல்ல மாம்பழமாக நாலைப் பொறுக்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், தோல் சீவி, துண்டு போட்டு, கொதிக்க வைத்தார். வடித்தார். மறுபடி கொதிக்க வைத்தார். வெளுத்துப்போய்க் கிண்ணத்தில் கிடந்ததை அவளிடம் கொண்டுவந்து நீட்டினார். அவள் ஒரு வாய் வைத்தாள். "இது மாம்பழத்தோட பொணங்க" என்றாள். சிரித்தாள், சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

ஆனால் வடித்த தண்ணீரை அவர் கொட்டவில்லை. எப்படிக் கொட்டுவது? மஞ்சளாக, தேன் மாதிரி மணத்துக்கொண்டு நின்றது. பழத்தையே பிழைப்பாகக் கொண்ட கைக்கு அதைச் சாக்கடையில் ஊற்ற மனசு வரவில்லை. சாயங்காலம் வந்து நாமே குடித்துவிடலாம் என்று ஒரு சொம்பில் மூடி வைத்துவிட்டுக் கடைக்குப் போனார். எது ஆகாது என்று வடித்தாரோ, அத்தனையும் அந்தச் சொம்பில் இருந்தது. மதியம் அவள் எழுந்து வந்து, நின்ற இடத்திலேயே அதைக் குடித்து முடித்தாள்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் பிடித்து அழுத்தித்தான் உயிரை மீட்டார்கள். கண் திறந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "நல்லா இருந்துச்சுங்க." மத்தளத்துக்கு அவளை அறைய வேண்டும் போலவும் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. அன்று முதல் வீட்டுக்குள் பழம் மட்டுமல்ல, பழ வாசனையே வரக் கூடாது என்று முடிவு கட்டினார். குழாயடிக் குளியல் அப்படித்தான் தொடங்கியது. அப்போதும் அவள் விடவில்லை. பக்கத்தில் வந்ததும் மூக்கை உறிஞ்சுவாள். "மீசையில இருக்கு. இன்னைக்கு முலாம்பழம் தின்னிருக்கீங்க." ஒரு சுற்று முறுக்கி, ஆசை ஆசையாக வளர்த்த மீசை. மறுநாளே சிரைத்துவிட்டார். சந்தைக்காரர்கள் கிண்டல் அடித்தார்கள். கடன்காரனுக்குப் பயந்து மாறுவேஷமா என்றார்கள்.

அவர் பழம் தின்பதை நிறுத்தினாரா என்றால், இல்லை. அப்படி எழுதினால் அவரைப் பெரிய தியாகி ஆக்கலாம். ஆனால் அது பொய். வெயில் ஏறினால் நாக்கு கேட்கிறது. கடைக்குள் திரும்பி, சுவரைப் பார்த்து நின்று, மெல்லக்கூட நேரம் தராமல் விழுங்குவார். அதில் ருசி என்ன இருக்கும், திருடித் தின்கிற மாதிரிதான். பிறகு வாயை உப்புப் போட்டுக் கொப்பளிப்பார்.

வீட்டில் அவள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிடுவாள். "இன்னைக்கு என்ன வந்துச்சு?" அவர் சொல்ல வேண்டும். எந்தப் பழம், என்ன நிறம், எத்தனை அழுகல், யார் பேரம் பேசினார்கள் என்று ஒன்று விடாமல். கட்டிலில் சாய்ந்து, கண்ணை மூடி, வாய்க்குள்ளேயே எதையோ சப்பிக்கொண்டு கேட்பாள். கடைசியில் "நாளைக்கு ஒரே ஒரு துண்டு" என்பாள். "கூடாது" என்பார். அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லி அவர் வாய் மரத்துவிட்டது.

இந்தக் கோடையில் அவள் உடம்பு இயந்திரத்தைத் தாங்கவில்லை. பாதியிலேயே மயக்கம், மூச்சுத் திணறல். டாக்டரம்மா அவரை வராந்தாவுக்கு அழைத்தார். கொஞ்ச நாள் ஓய்வு என்று நோயாளியிடம் சொல்லியாயிற்று, இவரிடம் அப்படிச் சொல்லவில்லை. "இனிமே மெஷின்ல போட வேண்டாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. பத்தியம் எதுவும் பார்க்காதீங்க. ஆசைப்பட்டதைக் குடுங்க."

மத்தளத்தின் முகம் மலர்ந்துவிட்டது, பாவம். "மாம்பழம் குடுக்கலாமாம்மா?" என்றார்.

"குடுங்க."

"தர்பூசணி?"

"குடுங்க."

"தக்காளி? அவளுக்குப் பச்சையா கடிச்சுத் தின்னாத்தான் பிடிக்கும்."

"எது கேட்டாலும் குடுங்கய்யா."

டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்க்காமல், கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்பைச் சுருட்டிக்கொண்டு இதைச் சொன்னார். முலாம்பழம் என்று கேட்க வாயெடுத்தவர் அப்படியே நின்றார். தடை இல்லை என்றால் காப்பாற்ற எதுவும் இல்லை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

காய்கடை அக்காவிடம்தான் வாயைத் திறந்தார். அக்கா வெண்டைக்காயை விட்டுவிட்டு அவரையே பார்த்தாள். "கொண்டு போயேன்ப்பா. இன்னும் என்னத்துக்கு யோசிக்கிற?"

"அந்த வீட்டுக்குள்ள ஒரு மாம்பழம் போச்சுன்னா அவளுக்குத் தெரிஞ்சிடும்க்கா. அவ முட்டாள் இல்ல. நானே என் கையால போய், நீ பிழைக்க மாட்டேன்னு சொல்ற மாதிரி."

"கொண்டு போகலைன்னா?"

"கொண்டு போகலைன்னா ஆசையோட போயிடுவா."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பேரு வெச்சான் பாரு மத்தளம்னு. ரெண்டு பக்கமும் அடி" என்று முணுமுணுத்தாள்.

அதனால் அவர் முன்பைக் காட்டிலும் அழுத்திக் கழுவினார். டீக்கடைக்காரர் வாளியோடு நின்று புலம்புவதெல்லாம் இந்த நாட்களில்தான். முன்பு அவளுக்கு ஆசை வரக் கூடாது என்று கழுவினார். இப்போது அவளுக்கு உண்மை தெரியக் கூடாது என்று கழுவுகிறார். வீட்டுக்குள் நுழைவார், "இன்னைக்கு என்ன வந்துச்சு?" என்பாள், சொல்வார், "ஒரே ஒரு துண்டு" என்பாள். "கூடாது" என்று சொல்லும்போது குரல் உடையாமல் பார்த்துக்கொள்வதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

ஒரு நாள் அவள் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார், கால் கழுவினார், விளக்கைப் போட்டார். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "நல்ல மாம்பழம் வந்திருக்கு" என்று அவராகவே சொன்னார். "சரி" என்றாள். அவ்வளவுதான். டாக்டரம்மா சொன்னதைவிட அந்த "சரி"தான் அவரைக் கொன்றது.

மறுநாள் உச்சி வெயிலில் கடையை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினார். பையில் மாம்பழம். குழாயடிக்குப் போகவில்லை, சட்டை மாற்றவில்லை. வழி நெடுக ஒரு பொய்யை உருப்போட்டுக்கொண்டே நடந்தார். கதவைத் திறக்கும்போதே உள்ளிருந்து குரல் வந்தது.

"என்னங்க, இது நிஜ வாசனையா, எனக்கு மூளை கலங்கிடுச்சா?"

"நிஜம்தான்."

"யாரு விட்டாங்க?"

"டாக்டரம்மாதான். புது மாத்திரை குடுத்திருக்காங்கல்ல, அதுக்குக் கொஞ்சம் சாப்பிடலாமாம்." பையைக் கீழே வைத்துவிட்டுத் தொடர்ந்தார். "மூணு துண்டு. அதுக்கு மேல கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க."

கூடாது என்ற வார்த்தை இருந்தால்தான் பொய் நிற்கும் என்று வழியிலேயே முடிவு செய்திருந்தார். சாகப் போகிறவளுக்கு யார் அளவு சொல்வார்கள்? அளவு இருந்தால் நாளை என்று ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். அவள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். தலையணையை முதுகுக்குக் கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதற்கே மூச்சு வாங்கியது.

அவர் தரையில் உட்கார்ந்து, தோல் சீவாமல் கீறித் தட்டில் வைத்தார். அவள் முதல் துண்டை எடுத்துக் கடித்தாள். கண் மூடிக்கொண்டது. சாறு மெலிந்துபோன கையில் இறங்கியது.

"நல்லா இருக்கா?"

"பேசாதீங்க."

இரண்டாவது துண்டைத் தோல் தெரிய வழித்துத் தின்றாள். மூன்றாவதை மெதுவாக, அவசரமே இல்லாமல் தின்றாள். தோலைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, நாலாவது துண்டின் மேல் விரலை வைத்தாள். எடுக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னொண்ணு எடுத்துக்கவா?"

அவருடைய கை பழக்கத்தில் தட்டின் விளிம்பைப் பிடித்துவிட்டது. இழுத்தால் போதும். கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் நம்பிவிடுவாள், கொஞ்ச நாளைக்காவது பிழைத்துவிடுவோம் என்று நிம்மதியாகத் தூங்குவாள். அவள் உதடெல்லாம் மஞ்சளாக இருந்தது. விரல் அந்தத் துண்டின் மேலேயே காத்திருந்தது.

மத்தளம் தட்டை விட்டுவிட்டுப் பைக்குள் கையை விட்டார். அடுத்த பழத்தை எடுத்துச் சட்டையில் துடைத்து, காம்புப் பக்கம் கத்தியை வைத்து அழுத்தினார்.