மரகதம் அக்கா மிச்சம் பிடித்தது

செய்தி வந்தபோது ஏனாத்தூர் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் பழைய தெருக்காரர் ஒருவர் சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு வாசலில் வந்து நின்றார். "டீச்சரம்மா, உங்க ஓரகத்தி போய்ட்டாங்க" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஜுரத்தைக் கஷாயத்திலேயே தள்ளிக்கொண்டிருந்தாளாம். டாக்டருக்குக் கொடுக்கும் காசில் ஒரு வாரத்துக்குப் பருப்பு வாங்கலாம் என்று கணக்குப் போட்டிருப்பாள்.

மரகதம் அக்கா என் கணவரின் அண்ணன் மனைவி. சின்ன காஞ்சிபுரத்தில் இரண்டு தறி ஓடிய வீட்டில் பல வருஷம் ஒரே அடுப்படியில் அவளோடு வேலை செய்திருக்கிறேன். தெருவில் அவளுக்குப் பெயர் கஞ்சம். சாவு வீட்டில்கூட ஒருத்தி, "மகராசி, பூவும் பொட்டுமா போய்ட்டா. மேல போயும் எண்ணெய்ய சொட்டு சொட்டாத்தான் ஊத்துவா" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் மாமாவை, அதாவது அவள் கணவரை, தாராள மனசு என்று சொன்னார்கள். அவர் வீட்டுக்குப் போய் யாரும் காபி குடிக்காமல் திரும்பியதில்லையாம்.

அந்தக் காபியைப் பற்றி எனக்குத் தெரியும். மாமா தறியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். வருகிறவர் யாராக இருந்தாலும் உட்காரச் சொல்லிவிட்டு, "மரகதம், மூணு காபி!" என்று உள்ளே குரல் கொடுப்பார். தூள் இருக்கிறதா, பால் இருக்கிறதா என்ற யோசனை அவருக்குக் கிடையாது. அக்கா ஒருநாள் பெரிய டம்ளர்களையெல்லாம் பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டு, அதே உயரத்தில் அடி தடித்த டம்ளர்களை வாங்கி வந்தாள். பார்வைக்கு ஒன்றுதான், பிடிக்கிற காபி குறைவு. முதல் டிகாக்ஷன் வந்தவர்களுக்கு, இரண்டாவது எங்களுக்கு. "காபி இப்பதான் நல்லா திக்கா இருக்குது" என்று வந்தவர்கள் மெச்சினார்கள். மாமா பெருமையாகத் தலையாட்டினார். நான் அடுப்படியில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் மிச்சம் பிடித்த விதங்களை இங்கே சொல்லத்தான் வேண்டும், அவை லேசான வேலை இல்லை. பருப்பை முன்கூட்டியே ஊறவைத்துவிடுவாள், பாதி விறகில் வெந்துவிடும். சோறு முக்கால் பதம் வந்ததும் கொள்ளியை வெளியே இழுத்துவிட்டுத் தணலிலேயே விடுவாள். முசரவாக்கத்திலிருந்து வேர்க்கடலைத் தோலை மூட்டையாகச் சொல்லிவைத்து வாங்கி வெந்நீர் அடுப்புக்குப் போடுவாள். மாசியில் புளி மலிவாக வரும்போது வருஷத்துக்கும் வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்துவிடுவாள். கரைத்த சக்கை பித்தளை தேய்க்கப் போகும். நடுவில் நைந்த புடவையை நீளவாக்கில் கிழித்து, கரையோடு கரை சேர்த்து மூட்டுவாள். நைந்த பாகம் ஓரத்துக்குப் போய்விடும், அந்தப் புடவை இன்னொரு வருஷம் உழைக்கும். ஊருக்கெல்லாம் பட்டு நெய்கிற வீட்டில் மூட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டு அவள் தண்ணீர் எடுக்கப் போவாள்.

"எதுக்குக்கா இந்தப் பாடு?" என்று கேட்டால், "இருக்கறப்ப புடிச்சாத்தான் மிச்சம் தனம், இல்லாதப்ப எதப் புடிக்கறது?" என்பாள். மிச்சமானதை மாதாமாதம் என் கையில் கொடுப்பாள். பள்ளிக்கூடம் போகும் வழியில் நான் அதைத் தபால் ஆபீசில் போட்டுவிட்டுப் போவேன். அது எதற்கென்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவள் ஒரே மகள் சுமதி எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தாள். அடுத்து ஆசிரியர் பயிற்சிக்குப் போகவேண்டும், வெளியூர், ஹாஸ்டல்.

சுமதிக்கு இடம் கிடைத்த அந்த வைகாசியில்தான் மாமா டீக்கடையில் உட்கார்ந்து வாய்விட்டுவிட்டு வந்தார். கருட சேவைக்கு வருகிற ஜனங்களுக்கு இந்த வருஷம் தெருவில் மோர்ப்பந்தல் அவருடையதாம்.

"எத வெச்சிக்கினு போடுவீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"இன்னாமே இப்படிக் கேக்கற? நாலு பேர் எதிர்ல வாக்கு குடுத்துட்டேன். கூலியில அட்வான்ஸ் வாங்கினா ஆச்சு."

அட்வான்ஸ் வாங்கினால் அடுத்த பல மாதங்களுக்குக் கூலியில் பிடித்துக்கொண்டுதான் வரும். பிறகு தபால் ஆபீஸ் பணத்தில்தான் வீட்டில் உலை வைக்கவேண்டும், சுமதி வீட்டில் உட்காரவேண்டும். இதை அவரிடம் சொல்லு என்று நான் அவளை நச்சரித்தேன். சொன்னால் அந்தப் பணமும் பந்தலுக்குப் போய்விடும் என்றாள். அதுவும் உண்மைதான்.

"அட்வான்ஸ் வேணாம். பந்தல நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் அவரிடம் சொன்னாள்.

யாரிடமும் ஒரு கை உப்புக்கூடக் கேட்டறியாதவள், என்னைக் கூட்டிக்கொண்டு வீடுவீடாக இறங்கினாள். முதல் வீட்டு வாசலில் முந்தானையைத் திருகிக்கொண்டே நின்றாள். பிறகு, "கருட சேவைக்குப் பந்தல் போடறோம்மா. உங்க வீட்ல இருந்து ஒரு குடம் மோர் வேணும்" என்றாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "ஊரு மோர்ல உங்க வூட்டுக்காரருக்குப் பேரா? நல்ல சாமர்த்தியம்தான் மரகதம்" என்றாள். எங்கள் வீட்டுக் காபியை எத்தனை வருஷமாகக் குடித்தார்கள் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. அக்கா என் கையைக் கிள்ளினாள். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் அந்தச் சிரிப்பு இருந்தது. மோரும் கிடைத்தது.

விடியற்காலையில் பெண்கள் குடம் குடமாக மோர் கொண்டுவந்து இறக்கினார்கள். அக்கா கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப்போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தாள், வெயில் ஏறும்வரை நிமிரவில்லை. மைக் செட்டில் மாமாவின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். "என் வார்த்தைக்குத் தெருவே வந்து நிக்குது பாத்தியா!" என்று அவர் என்னிடமே சொன்னார். அவர் குரலில் கள்ளம் இல்லை, நிஜமாகவே அப்படித்தான் நம்பினார். அதுதான் என்னால் தாங்கமுடியவில்லை.

சுமதி பயிற்சிக்குப் போனாள். பீஸ் எங்கிருந்து வந்தது என்று மாமா கேட்கவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் எல்லோர் எதிரிலும் மகள் கையில் ஒரு ஐந்து ரூபாய் நோட்டை வைத்து அழுத்தினார். அவள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். திரும்பி வரும்போது அக்கா என்னிடம் வார்த்தை வாங்கிக்கொண்டாள். "அவளுக்கு ஒண்ணும் தெரிய வேணாம் தனம். அப்பா மேல உசிரா இருக்குது, இருந்துட்டுப் போகட்டும்." உனக்குக் கோபமே வராதா என்று கத்தினேன். "கோவப்பட்டா மட்டும் இன்னா ஆயிடப்போவுது?" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

கருமாதி அன்று பந்தி முடிந்து கைகழுவும் இடத்தில் சுமதி என் பக்கத்தில் நின்றாள். இப்போது அவளும் டீச்சர். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. "அம்மா பத்து பைசாவுக்கும் யோசிப்பாங்க, பாவம். அப்பா மனசு மட்டும் இல்லன்னா நான் படிச்சிருக்கவே முடியாது சித்தி" என்றாள். சொம்பில் இருந்த தண்ணீரை என் காலில் ஊற்றிக்கொண்டேன். கொடுத்த வார்த்தைக்காக அன்று வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. எழுந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

அக்காவைத் தெரிந்தவர்கள் எல்லோரும் இதைப் படிப்பீர்கள். சிரித்தவர்களும் படிப்பீர்கள். அவளுடைய சிக்கனம் எனக்கு வரவில்லை, என் வீட்டில் பாலும் பொங்குகிறது, பருப்பும் தீய்கிறது. அவள் கடைசிவரை படாத கோபம் ஒன்று இருக்கிறதே, அதைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சுமதி, இதைப் படித்துவிட்டு அப்பாவிடம் சண்டைக்குப் போகாதே, அம்மாவுக்குப் பிடிக்காது. ஆனால் தெரிந்துகொள். உன்னைப் படிக்கவைத்தது உன் அம்மா.