ஏழு சுண்ணாம்புக் கோடுகள்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் சங்கம் கூடும் கொட்டகையில் நான் எப்போதும் தூணுக்குப் பின்னால்தான் உட்காருவேன். மலைமேல் ரோடு போடும் நம் ஆட்களுக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது, அங்கே வைத்தியம் பார்க்கும் டிரசர் ஒருவர் தனியாகத் திண்டாடுகிறார், மருந்து கொடுக்க ஒரு தொண்டர் வேண்டும் என்று தலைவர் சொன்னார்.

"அண்ணன் போவாரு. எழுதப் படிக்கத் தெரியும், தண்ணிப் பழக்கம் கிடையாது" என்று பக்கத்திலிருந்த தையற்காரர் என்னைக் காட்டினார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேர் பார்க்கும்போது முடியாது என்று சொல்ல எனக்கு வராது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மளிகைக் கடையில் சரக்கு நிறுத்துக் கொடுப்பது என் வேலை. முதலாளியும் ஒரு மாதம் போய் வா என்று சொல்லிவிட்டார்.

ஒரு மாதம் என்றால் ஒரு மாதத்தில் திரும்பியாக வேண்டும். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு என் மனைவி ஊரிலிருந்து இந்த மலாய் நாட்டுக்குக் கப்பலேறி வருகிறாள். தை பிறந்ததும் கிள்ளான் துறைமுகத்தில் இறங்குவாள். இந்த நாட்டில் அவளுக்குத் தெரிந்த முகம் என்னுடையது ஒன்றுதான்.

அந்த மலை ஊருக்கு ஒரே தெரு. நாலு சீனர் கடைகள், காய்கறி விற்கும் ஒரு சின்னப் பாசார், சரிவில் மலாய்க்காரர் குடியிருக்கும் கம்பம், அதற்கு மேலே நம் ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயம். மத்தியானம் ஆனால் மேகம் தெருவுக்குள் இறங்கிவிடும். எதிர்க்கடை தெரியாது. துவைத்த வேட்டி மூன்று நாளானாலும் காயாது. மேலே வரும் பாதையில் ஒரு வண்டிதான் போகலாம். ஆகவே அடிவாரத்தில் கேட் போட்டு, ஒரு மணி நேரம் ஏறும் வண்டிகளையும் அடுத்த மணி நேரம் இறங்கும் வண்டிகளையும் விட்டார்கள். இறங்கும் லோரியின் சத்தம் கேட்டால் கையிலிருப்பதை வைத்துவிட்டு, அது தேய்ந்து மறையும்வரை நிற்பேன். காய்ச்சல் கீழே பரவக்கூடாதென்று, டிரசர் கொடுக்கும் சீட்டு இல்லாமல் லயத்திலிருந்து யாரையும் லோரிக்காரர்கள் ஏற்றமாட்டார்கள்.

டிரசருக்கு முப்பது வயதிருக்கும். வாயைத் திறந்தால் கேலிதான். நான் போன அன்றே மருந்துக் கொட்டகைக் கதவைக் காட்டினார்.

"புதுக் காய்ச்சல் வராத நாளுக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு. வந்திருச்சுன்னா எல்லாத்தையும் அழிச்சிருவேன். சேந்தாப்ல ஏழு கோடு விழுந்தா அன்னைக்கே உங்களுக்குச் சீட்டு, அண்ணே."

ஏழு நாள்தானே என்று நினைத்தேன்.

விடிவதற்குள் பெரட்டு நடக்கும். ஆட்கள் வேலைக்குப் போகுமுன் வரிசையில் நிற்க, கங்காணி பெயர் கூப்பிடுவார். அப்போது ஆளுக்கொரு கொயினா மாத்திரை கொடுப்பேன். கசப்புக்குப் பயந்து சிலர் நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொண்டு அப்புறம் துப்பிவிடுவார்கள். அதற்கு டிரசர் ஒரு வழி வைத்திருந்தார். மாத்திரையைப் போட்டு, தண்ணீர் குடித்து, தன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். வாயில் ஏதாவது இருந்தால் பேச்சு குழறும்.

ஆண்களிடம் இது சரியாக நடந்தது. பெண்கள் பக்கம் அது நடக்கவில்லை. பெயர்ப் பதிவேட்டில் அவர்களுக்குத் தனிப் பெயர் இல்லை, இன்னாருடைய பெண்சாதி என்றே எழுதியிருந்தது. புருஷன் பெயரை எந்தப் பெண் வாயால் சொல்வாள்? அவளுடைய பெயரைக் கேட்கலாம். முகம் தெரியாத பெண்ணிடம் உன் பெயர் என்ன என்று கேட்க என்னால் முடியவில்லை. தலையைக் குனிந்தபடி உள்ளங்கையில் மாத்திரையை வைத்துவிட்டு நகர்ந்தேன். அந்தப் பெண்களை எனக்குக் கால்களை வைத்துத்தான் தெரியும். மிஞ்சி போட்ட கால், வெடித்த கால், பெருவிரல் நகம் உடைந்த கால்.

கோடுகள் நாலாகும், ஐந்தாகும். யாராவது ஒருவர் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடப்பார். டிரசர் ஈரத் துணியை எடுப்பார். இப்படி மாதம் முடிந்தது. இன்னொரு மாதமும் பாதி போனது. மனைவி கப்பலேறிவிட்டாள் என்று முதலாளி கடிதம் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை கப்பல் வந்து சேரும். புதன்கிழமை சாயந்திரம் கதவில் ஆறு கோடுகள் இருந்தன.

அன்று தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனேன். வடிகால் சேற்றில் வெள்ளையாகச் சில ஒட்டியிருந்தன. குனிந்து பார்த்தேன். பாதி கரைந்த மாத்திரைகள். நிமிர்ந்தால், நகம் உடைந்த காலுக்குரியவள் குடத்தோடு நின்றிருந்தாள். சின்ன வயசுக்காரி. அவள் முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

"சொல்லிராதீங்கண்ணே."

"எத்தனை நாளா?"

"என்னைக்கு முழுங்கினேன்? நான் மட்டுமில்ல, இன்னும் நாலஞ்சு பேரு. இதத் தின்னா வயித்துல நிக்காதாம். எனக்கு ரெண்டு கலைஞ்சு போச்சு. இது மூணாவது." குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுபடியும், "சொல்லிராதீங்க" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். பிந்தி வந்த காய்ச்சலெல்லாம் பெண்கள் பக்கம்தான். நிமிர்ந்து பார்த்திருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும். இப்போது நான் பேசாமல் இருந்தால் காலையில் ஏழாவது கோடு, வெள்ளிக்கிழமை கிள்ளான். அவள் கேட்டதும் எனக்கு வேண்டியதும் ஒன்றாகவே இருந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. நான் இறங்கிப் போன பிறகு அவளே நடுங்கிக்கொண்டு கிடந்தால்?

காலையில் டிரசர் சுண்ணாம்பில் விரலைத் தொட்டுக்கொண்டு கதவருகே போனார்.

"போடாதீங்க" என்றேன்.

"ஏன், மலை பிடிச்சுப் போச்சா?"

பெயர் எதுவும் சொல்லாமல், பிள்ளையுண்டானவர்கள் சிலர் பயந்து துப்புவதையும், பெண்கள் பக்கம் நான் கால்களைத் தவிர எதையும் பார்க்கவே இல்லை என்பதையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

"அப்ப பொண்டாட்டி வந்தா காலைப் பாத்துத்தான் கண்டுபிடிப்பீங்களோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் நிறுத்திவிட்டார். "இந்தக் கணக்க நம்ப முடியாது, நீங்களே அழிங்க அண்ணே" என்றார். வேட்டி முனையால் ஆறு கோடுகளையும் துடைத்தேன். பத்து மணிக்கு இறங்கிய லோரிக்காரரிடம், கிள்ளானுக்கு வேறு யாரையாவது அனுப்பும்படி முதலாளிக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினேன்.

பிள்ளையுண்டானவர்கள் வந்து சொன்னால் அளவைப் பாதியாக்கித் தன் கையாலேயே தருவதாக டிரசர் லயத்தில் சொல்லிவைத்தார். மற்றவர்களைப் பேச வைக்க நான் வேறொரு கேள்வி கண்டுபிடித்தேன். மாத்திரை உள்ளே போனதும், நிமிர்ந்து, "இன்னைக்கு என்ன குழம்பு?" என்று கேட்பேன்.

"கருவாட்டுக் குழம்பு."

"நேத்து மிச்சந்தான்."

"அண்ணனுக்கு என்ன பசியோ, எல்லா வீட்டுக் குழம்பையும் விசாரிக்கிறாரு!"

வரிசை முழுவதும் சிரித்தது. ஒருத்தி மட்டும் வாயை மூடிக்கொண்டே "ம்ம்" என்றாள். நான் நகரவில்லை. அவள் முறைத்துவிட்டு மறுபடி தண்ணீர் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை இறங்கும் லோரிகள் எல்லாவற்றின் சத்தத்தையும் கேட்டுக்கொண்டு நின்றேன். என்னைத் தேடி என் மனைவி எத்தனை முகங்களைப் பார்த்திருப்பாள்? இரண்டு கோடு விழுந்த பிறகு மறுபடி ஒருத்திக்குக் காய்ச்சல். ஏழு கோடு சேர்ந்தபோது கப்பல் வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

மனைவியைக் கிள்ளானுக்குப் போய் அழைத்து வந்தவர், சங்கத்தில் என்னைக் கைகாட்டிய அதே தையற்காரர். அவர் வீட்டில்தான் இருந்தாள். நான் போய் வாசலில் நின்றேன். கதவருகே வந்து நின்ற கால்கள் தெரிந்தன. நிமிர்ந்தேன். முன்நெற்றி முடியில் நரை விழுந்திருந்தது. சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தும் எனக்கு ஒன்றுதான் வந்தது.

"இன்னைக்கு என்ன குழம்பு?"

"வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வச்சிருப்பேன்" என்றாள். "வெறும் ரசந்தான்."