ஆடித் தள்ளுபடிக் கச்சேரி

கிதார் வாசித்துப் பிழைக்கிறேன் என்று சொன்னால் எங்கள் சாந்தோம் சர்ச் பங்கில் அடுத்த கேள்வி உடனே வரும்: "அது சரிம்மா, வேலை என்ன பாக்குற?" ஞாயிறு பூசையில் நான் வாசிப்பதில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. அது சேவை. மற்ற நாட்களில் அதே கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கொட்டிவாக்கத்து ஓட்டலுக்கும் அடையாற்றுக் காபிக் கடைக்கும் போவதுதான் புரியாத சங்கதி. அம்மா ஓய்வுபெற்ற டீச்சர். யாராவது கேட்டால் "மியூசிக் லைன்ல இருக்கா" என்பார், ஏதோ ரயில்வேயில் இருப்பதுபோல.

நாங்கள் மூன்று பேர். பாடுகிறவர் அபிராமபுரத்துக்காரர். சிறுவயதில் முறையாகச் சங்கீதம் கற்று, பிறகு சினிமாப் பாட்டில் மனம் போய்விட்டவர். தாளத்துக்குத் திருவல்லிக்கேணித் தம்பி ஒருவன். கஹோன் என்று ஒரு மரப்பெட்டி உண்டு, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டு கையால் தட்ட வேண்டும். அதைத் தட்டுவான். டிரம்ஸ் மாதிரி வண்டி வைத்து ஏற்றி இறக்க வேண்டாம் என்பதால்தான் சின்ன இடங்களுக்கெல்லாம் எங்களைக் கூப்பிடுவார்கள்.

போன வருடம் ஆடி மாதம் தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையிலிருந்து கூப்பிட்டார்கள். தள்ளுபடிக் கூட்டம் மொய்க்கும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் கடைக்குள்ளேயே வாசிக்க வேண்டும். பாடகர் தயங்கினார். அவருடைய சொந்தக்காரர்கள் கண்ணில் பட்டுவிட்டால் என்ன செய்வது என்று கவலை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எங்காத்து மனுஷா ஆடித் தள்ளுபடிக்கெல்லாம் வரமாட்டா என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டார். வெள்ளிக்கிழமை கடை திறந்து முதல் பாட்டு முடிவதற்குள் அவருடைய சித்தி, மாமி, மாமியின் சம்பந்தி மூவரும் எஸ்கலேட்டரில் வரிசையாக ஏறி வந்தார்கள். அவர்களும் இவர் கண்ணில் படக்கூடாது என்றுதான் நினைத்திருப்பார்கள் போல. இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரியே பார்த்துக்கொண்டு கடந்து போனார்கள்.

ஆனால் அதற்கு முன்பே வாசலில் ஒரு கலவரம் நடந்துவிட்டது. உள்ளே பை கொண்டுபோகக் கூடாது, கவுண்டரில் வைத்துவிட்டு டோக்கன் வாங்கு என்றார் செக்யூரிட்டி. இது பையில்லை, கிதார் என்றேன். கிதார் எதில் இருக்கிறது என்று கேட்டார். பையில்தான் இருந்தது. அதை வாங்கி அலமாரியில் நிறுத்திப் பார்த்தார், படுக்கவைத்துப் பார்த்தார், எதற்கும் அது இடம் கொடுக்கவில்லை. கடைசியில் முதலாளியே இறங்கி வந்து எங்களை உள்ளே விட்டார்.

முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கடை முழுக்க அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உடை ஒன்றுபோல இல்லையே என்று வருத்தப்பட்டார். கால் மணி நேரத்தில் பாடகருக்கும் தம்பிக்கும் கடையின் பெயர் போட்ட சட்டை வந்தது. எனக்கு, சேல்ஸ் பெண்கள் எல்லோரும் கட்டியிருந்த அதே மாம்பழ நிறச் சேலை. நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு பட்டையும் கொடுத்தார்கள். அதில் "நான் உதவலாமா?" என்று எழுதியிருந்தது.

பிறகு அண்ணாச்சி எங்களை உட்காரவைத்து நிதானமாக விதிமுறை சொன்னார். சோகப் பாட்டு கூடாது. காதல் தோல்வி கூடவே கூடாது, கல்யாண ஜவுளி எடுக்க வருகிறவர்கள் இருப்பார்கள். ரொம்ப வேகமான பாட்டும் வேண்டாம், ஜனங்கள் அந்த வேகத்திலேயே வெளியே போய்விடுவார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினோம். எழுந்து போகும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "நல்லா வாசிங்க. ஆனா நின்னு கேக்குற மாதிரி வாசிச்சிராதிய. நின்னு கேட்டா ஏவாரம் நின்னு போகும்."

இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் இவ்வளவு தெளிவாக எதிர்பார்ப்பைச் சொன்னதில்லை.

இரண்டாவது மாடியில், எஸ்கலேட்டரை ஒட்டி, பட்டுச் சேலை கட்டிய பொம்மைகளுக்கு நடுவே எங்களுக்கு இடம் ஒதுக்கினார்கள். தம்பி சுற்றிலும் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, நம்மளையும் பொம்மையோட பொம்மையா நிக்க வெச்சுட்டாங்க" என்றான். பொம்மையாக இருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கலாம். பொம்மையிடம் யாரும் வழி கேட்பதில்லை.

முதல் பாட்டின் நடுவிலேயே ஒரு அம்மா என் முன்னால் வந்து நின்று, சுடிதார் மெட்டீரியல் எந்த மாடி என்று கேட்டார். இரண்டு கையும் கிதாரில் இருந்ததால் தாடையால் மேலே காட்டினேன். அடுத்தவர் லைனிங் துணி கேட்டார். அடுத்தவர் ஒரு ஜாக்கெட் பிட்டை என் மூக்குக்கு நேரே பிடித்து, இதே கலரில் இன்னும் கொஞ்சம் டார்க்காக இருக்கிறதா என்றார். நான் வாசிக்கிறவள் என்று சொன்னேன். அதனால் என்ன, கொஞ்சம் எடுத்துக் காட்டு என்றார். அவர் மேல் தப்பில்லை. சேலை அந்தச் சேலை, பட்டையில் இருந்த வாசகம் அந்த வாசகம்.

தம்பியின் நிலைமை இன்னும் மோசம். அவன் தண்ணீர் குடிக்க எழுந்த சமயத்தில் பருமனான ஒரு பெரியவர் அவனுடைய பெட்டியில் வந்து உட்கார்ந்துவிட்டார். இது தாளம் போடுகிற பெட்டி என்று அவன் விளக்கினான். அதற்கென்ன, உட்காரவும் வசதியாகத்தான் இருக்கிறது என்று அவர் பாராட்டினார். இரண்டு பாட்டுக்குத் தாளமே இல்லை. அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, இப்போதுதான் அளவாக இருக்கிறது என்றார்.

சனிக்கிழமை மதியத்துக்குள் மூன்று பேருக்கும் கடை மனப்பாடம் ஆகிவிட்டது. பாடகர் சரணத்துக்கும் பல்லவிக்கும் இடையில் மைக்கிலேயே, "பாவாடை துணி கீழ் தளத்துல, லிப்ட் இடது பக்கம்" என்று சொல்லிவிட்டுச் சுருதி பிசகாமல் பாட்டுக்குத் திரும்பக் கற்றுக்கொண்டார்.

எங்கள் பாட்டை உண்மையாகவே கேட்டவர்கள் ஒரே வரிசைதான். கணவன்மார் வரிசை. எந்த ஜவுளிக்கடையிலும் பில் கவுண்டர் பக்கம் நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். மடியில் பைகளோடு, செல்போனில் சார்ஜ் தீர்ந்துபோய், உலகத்தோடு தொடர்பு அறுந்தவர்களாக அதில் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். தள்ளுபடி முடியும்வரை தினமும் அதே முகங்கள்தான். முதல் நாள் அவர்கள் எங்களை ஒரு விளம்பரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். இரண்டாம் நாள் ஒருவர் பாட்டு முடிந்ததும் கை தட்டினார். மற்றவர்கள் பயந்துபோய்ச் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அவர்களும் தட்டினார்கள்.

முதலில் தட்டியவர் வழுக்கைத் தலை, கட்டம் போட்ட சட்டை. அவருடைய மனைவி சனிக்கிழமை சாயங்காலம் என்னிடம் வந்தார். வீட்டுக்காரரைக் காணோம், போனும் எடுக்கவில்லை, மைக்கில் ஒரு வார்த்தை கூப்பிட முடியுமா என்று கேட்டு, கட்டம் போட்ட சட்டை என்று அடையாளமும் சொன்னார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் அங்கேயேதான் இருந்தார், ஒரு பொம்மைக்குப் பின்னால். என் கண்ணைச் சந்தித்ததும் இரண்டு கையையும் கூப்பினார். பிறகு ஒரு விரலைக் காட்டினார். இன்னும் ஒரே ஒரு பாட்டு.

என்ன செய்வது? மைக்கை வாங்கி, கட்டம் போட்ட சட்டை அணிந்தவர் எங்கிருந்தாலும் பட்டுப் பிரிவுக்கு வரவும் என்று அறிவித்தேன். அந்த அம்மா நன்றி சொல்லிவிட்டுப் பட்டுப் பிரிவுக்குப் போனார். பொம்மைக்குப் பின்னாலிருந்து வெளிப்பட்டவர் நேராகப் பாடகரிடம் வந்து, ஒரு பழைய ஜோடிப் பாட்டின் பேரைச் சொன்னார். தானே பாடட்டுமா என்று கேட்டார். கல்லூரியில் பரிசு வாங்கியது என்றும் சொன்னார்.

பாடகர் மைக்கைக் கொடுத்தார். அவர் பாடினார். குரல் பழசாகிப்போயிருந்தது, ஆனால் தாளத்துக்குள்ளேயே நின்றது. ஆண் பகுதி முடிந்து பெண் பகுதி வரவேண்டிய இடத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். எனக்குப் பாட வராது. சுரங்களைக் கிதாரில் தேடிக்கொண்டிருந்தபோது பட்டுப் பிரிவிலிருந்து ஒரு குரல் அந்த வரியை எடுத்தது. மைக் இல்லை, அவசரமும் இல்லை. அந்த அம்மா கவுண்டரில் விரித்துப்போட்ட ஒரு சேலையின் முந்தானையைத் தடவிப் பார்த்துக்கொண்டே, இந்தப் பக்கம் திரும்பாமலேயே பாடிக்கொண்டிருந்தார். இரண்டாவது வரியில் நிறுத்தி, "அது 'நீ' இல்ல, 'நான்'. இருபது வருஷமா தப்பாவே பாடுறீங்க" என்று அவர் பாடிய வரியைத் திருத்திவிட்டு மேலே பாடினார்.

மாடி முழுக்க நின்றுவிட்டது. சேலை மடிக்கிற பெண்கள் மடிப்பதை நிறுத்தினார்கள். எஸ்கலேட்டரில் வந்தவர்கள் இறங்கிய இடத்திலேயே நிற்க, பின்னால் வந்தவர்கள் அவர்கள் மேல் வந்து மோதினார்கள். பில் கவுண்டர்காரர் கணினியைப் பார்ப்பதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். எத்தனையோ இடத்தில் வாசித்திருக்கிறேன், ஒரு கூட்டம் இப்படி அசையாமல் கேட்டு நான் பார்த்ததில்லை. அண்ணாச்சி சொன்ன விதியை அவ்வளவு முழுமையாக மீறியிருந்தோம்.

அவர் வந்தார். பாட்டு முடியும்வரை அவரும் நின்றார் என்பதையும் சொல்ல வேண்டும். பிறகு, ரொம்ப நன்றாக இருந்தது, அதனால் இனிமேல் நீங்கள் இங்கே வேண்டாம் என்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு எங்களை நாலாவது மாடிக்கு மாற்றினார். அது வேட்டி, சட்டை, துண்டுப் பிரிவு. ஆடித் தள்ளுபடியில் ஆண்களுக்குத் துணி எடுக்க யாருக்கும் கடைசிவரை நேரம் கிடைக்காது என்பதால் அங்கே ஈ கூட வராது. யாரையும் தொந்தரவு செய்யாமல் வாசித்துக்கொண்டிருங்கள் என்று அன்பாகத்தான் சொன்னார்.

ஞாயிறு காலை நாலாவது மாடியில் நாங்கள் மூவரும் ஒரு சேல்ஸ் அண்ணனும் மட்டும். பாடகருக்கு முகமே சரியில்லை. இரண்டாவது பாட்டில் ஒருவர் பைகளோடு படியேறி மூச்சு வாங்க வந்தார். இங்கேதான் இருக்கிறீர்களா என்றார். அடுத்து இருவர். கொஞ்ச நேரத்தில் இரண்டாம் மாடி நாற்காலிக் கூட்டம் மொத்தமும் மேலே வந்துவிட்டது. நாற்காலி இல்லாததால் வேட்டிக் கட்டுகளின் மேல் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த வேட்டியைச் சிலர் பிரித்தும் பார்த்தார்கள். பாட்டுக்குப் பாட்டு நடுவே சட்டை போட்டுப் பார்த்தார்கள். யாரும் பக்கத்தில் இல்லாமல் தனக்குத் தானே சட்டை எடுக்கும் ஆண்களின் முகத்தில் ஒரு திருட்டுச் சந்தோஷம் இருக்கும், அன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன். மதியத்துக்கு மேல் அவர்களைத் தேடி மனைவிமார் வந்தார்கள். வந்தவர்கள், இந்தக் கலர் உங்களுக்கு நல்லாவா இருக்கு என்று வேறு நாலு சட்டை எடுத்தார்கள். அண்ணாச்சி சாயங்காலம் வந்து காலியான அலமாரிகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மூவருக்கும் ரோஸ்மில்க் அனுப்பினார்.

அந்தக் கூட்டத்தின் நடுவேதான் அம்மா வந்தார், பூசை முடித்து, பங்கில் தன்னோடு பாடற்குழுவில் இருக்கும் ஒரு ஆன்ட்டியையும் கூட்டிக்கொண்டு. அப்போது எங்களுக்கு இடைவேளை. சேல்ஸ் அண்ணன் ஒருவரால் சமாளிக்க முடியாமல் போகவே, நான் கிதாரைக் கீழே வைத்துவிட்டு ஒருவருக்கு எட்டு முழ வேட்டியைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். ஆன்ட்டி எனக்குத் தெரியாமல் ஒரு போட்டோ எடுத்திருக்கிறார். நான் வீடு போய்ச் சேருவதற்குள் அது பங்கின் வாட்சப் குழுவில் ஏறிவிட்டது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வளாகத்தில் எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர், எந்த வேலையும் கேவலமில்லை என்றார். இன்னொருவர், பிஎஃப் பிடிக்கிறார்களா என்று விசாரித்தார். பங்குச் சாமியார் என் தலையில் கை வைத்து, நல்ல முடிவு எடுத்தாய் மகளே என்று ஆசீர்வதித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என் முழங்கையைக் கிள்ளினார். வீட்டுக்கு நடந்து வரும்போது, உண்மையைச் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன்.

"எதுக்குடி?" என்றார் அம்மா. "உனக்கு வேலை என்னன்னு யாரும் கேக்காம இன்னைக்குத்தான் பூசை முடிஞ்சு வெளிய வந்திருக்கேன்."

தீபாவளிக்கு அண்ணாச்சி மறுபடி கூப்பிட்டார், நேராக நாலாவது மாடிக்கே. அதைக் கேள்விப்பட்ட ஆன்ட்டிகள், ஸ்டாஃப் டிஸ்கவுண்ட் வாங்கித்தர முடியுமா என்று அம்மாவிடம் கேட்டனுப்பினார்கள். கூச்சத்தோடு அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் விஷயத்தைக்கூட முழுதாகக் கேட்கவில்லை, உங்க பேரைச் சொல்லச் சொல்லுங்க என்றுவிட்டார். பங்கில் பாதிப் பேர் அந்த வருடம் என் பேரைச் சொல்லித்தான் துணி எடுத்தார்கள். எடுத்த கையோடு நாலாவது மாடிக்கும் ஏறி வந்து, நான் மாம்பழ நிறச் சேலையில் கிதார் வாசிப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். வேலை நேரத்திலேயே வாசிக்க விடுகிறாரே, அந்த மாதிரி முதலாளி கிடைக்க நீங்கள் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னார்களாம்.