ஆறு நாற்பதுக்கு ஒரு கதை

திருமானூர் வண்டி நிலையத்தைவிட்டு வெளியேறிச் சாலையில் திரும்புவதற்குள் அமிர்தலிங்கத்தின் கை சட்டைப்பைக்குள் போய்விடும். வாயில் விசில் அப்படியே இருக்கும். அதை எடுக்காமலே, உள்ளங்கை அகலமுள்ள ஒரு கறுப்புக் கருவியை வெளியே எடுத்து, அதன் முதுகில் செருகியிருக்கும் சின்னக் குச்சியை உருவி, கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டுவார். பிறகு முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாரானால், அடுத்த வண்டி உள்ளே மூக்கை நீட்டும்வரை அவரிடம் யாரும் பேச முடியாது. அதுவும் என்னைப்போல் பாலிசி பிடிக்க அலைகிறவன் பேசவே முடியாது.

அரியலூர் பேருந்து நிலையத்தில் அவர் டைம் கீப்பர். தனியார் வண்டிகள் முட்டிக்கொள்ளாமல் நிமிஷக் கணக்கில் கிளம்ப வேண்டும் என்பதற்காக முதலாளிகள் சேர்ந்து போட்ட ஆள். ஒரு தகரக் கூண்டு, ஒரு மேசை, ஒரு பெரிய நோட்டு, ஒரு கடிகாரம், ஒரு பிளக் பாயிண்ட். அவருடைய ராஜ்ஜியம் அவ்வளவுதான். ஆனால் அந்த ராஜ்ஜியத்தில் கருணை மனுவுக்கெல்லாம் இடமில்லை. ஒருநாள் நான் பையும் கையுமாக ஓடி வருவதைப் பார்த்துக்கொண்டே விசில் அடித்தார். வண்டி போய்விட்டது. கூண்டுக்குப் போய்ச் சண்டை பிடித்தேன்.

“நீங்க ஓடியாந்ததும் பத்து இருவத்தஞ்சு. வண்டியும் பத்து இருவத்தஞ்சு. இதுல எம்மேல என்ன தப்பு, ஏஜெண்டு?” என்றார். அந்தக் கோபத்தில்தான் எங்கள் பழக்கம் ஆரம்பித்தது.

ஒரு காலத்தில் வாடகை நூலகங்களைக் காலி பண்ணியவர். சர்க்கரை வந்தது, அது கண்ணுக்கும் ஏறியது. திருச்சிக்கு நாலு தடவை போய் லேசர் வைத்துக்கொண்டும், அச்செழுத்து அவரிடமிருந்து போனது போனதுதான். தினத்தாளில் கொட்டை எழுத்துத் தலைப்பை மட்டும் படித்துவிட்டு, “மீதி சேதி என்னாங்க?” என்று கண்டக்டர்களிடம் கேட்பார். வண்டிகளை அவர் ஹாரனை வைத்தே அடையாளம் சொல்லிவிடுவார். நோட்டில் நேரத்தைக் கட்டைவிரல் உயரத்துக்கு எழுதுவார். இரண்டு மாதம் வரவேண்டிய நோட்டு இருபது நாளில் தீர்ந்துவிடுகிறது என்று முதலாளிகள் சங்கத்தில் முணுமுணுப்பும் உண்டு.

2003-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சினன் ராஜராஜன், தான் பயன்படுத்தி ஓய்ந்த கைக்கணினியில் தமிழ் எழுத்தை ஏற்றி, அதில் நாற்பது புத்தகங்களையும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிக்கொள்ளலாம். அமிர்தலிங்கம் வைத்திருக்கும் அளவில் ஒரு திரைக்கு ஐந்து வரிதான் கொள்ளும். கதாநாயகி மாடிப்படி இறங்கி முடிப்பதற்குள் மூன்று முறை தட்டியாக வேண்டும். “தட்டுனா என்ன, கைதான வலிக்கும். கண்ணு வலிக்கல பாருங்க” என்பார். கண்டக்டர்கள் அதைக் கால்குலேட்டர் என்பார்கள். வீட்டில் அவர் மனைவி பாக்யலட்சுமி வைத்த பெயர் “அந்தச் சனியன்”. அமிர்தலிங்கம் சொல்வது “பொஸ்தகம்”. நான் புத்தகத்தைப் பிரித்து மோந்து பார்க்கும் கோஷ்டி. இதெல்லாம் ஒரு படிப்பா என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். “மோந்து பாக்குறதுக்கு மல்லிப்பூ இருக்கு, ஏஜெண்டு” என்றார்.

அந்தக் கருவிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பேட்டரி அடியோடு தீர்ந்துவிட்டால், உள்ளே இருக்கும் அத்தனையும் அழிந்துவிடும். ஒரு புத்தகம்கூட மிஞ்சாது. முதல் மாதமே அப்படி ஒருமுறை ஆகி, மச்சினன் திரும்பவும் எல்லாவற்றையும் மெயிலில் அனுப்ப வேண்டியதாயிற்று. அதிலிருந்து அமிர்தலிங்கம் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் சுவரைத்தான் பார்ப்பார். பிளக் பாயிண்ட் கண்ணில் பட்ட பிறகே வீட்டுக்காரரைப் பார்த்துக் கும்பிடுவார். கல்லங்குறிச்சியில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தன்று கரண்ட் இல்லை. மைக் செட்காரரின் ஜெனரேட்டரில் ஒரு வயரை மாட்டி, அதன் பக்கத்திலேயே காவல் உட்கார்ந்துவிட்டார். தாலி கட்டியதை அவர் பார்க்கவில்லை. “மேளம் கேட்டுச்சு, அது போதாதா?” என்று இன்றைக்கும் வாதாடுகிறார். பாக்யலட்சுமி இன்றைக்கும் அதை மன்னிக்கவில்லை.

நாலு வருஷத்தில் நாற்பது புத்தகம் முந்நூற்றுப் பன்னிரண்டு ஆனது. எல்லாம் மச்சினன் மெயிலில் அனுப்பியவை. பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் தென்றல் நடத்தும் பிரவுசிங் சென்டரில் போய் வாங்கி ஏற்றிக்கொள்வார். பின்னால் மச்சினனின் கம்ப்யூட்டர் கெட்டுப்போய் அவரிடமிருந்த பிரதிகள் போயின. மாதக்கணக்கில் திறக்காமல் விட்டதால் அமிர்தலிங்கத்தின் மெயில் பெட்டியையும் மூடிவிட்டார்கள். ஆக, முந்நூற்றுப் பன்னிரண்டும் உயிரோடு இருந்தது உலகத்தில் ஒரே இடத்தில்தான். அது அமிர்தலிங்கத்தின் சட்டைப்பை. அந்தப் பையிலிருந்த பேட்டரியோ இந்த வருஷம் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காமல் திணற ஆரம்பித்தது.

போன மாதம் மச்சினன் புதுசு ஒன்று வாங்கி அனுப்பினார். திரை பெரிது, பத்து வரி கொள்ளும். பேட்டரி தீர்ந்தாலும் புத்தகம் போகாது. அமிர்தலிங்கம் என்னிடம் அதைக் காட்டியபோது, பேரன் பிறந்த சேதி சொல்கிறவர் மாதிரி இருந்தார். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பழையதையும் புதியதையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். தென்றல் பெரம்பலூர்ப் பெண். தினமும் காலையில் வந்து, மாலை ஏழு பத்து வண்டிக்குத் திரும்புகிறவர். பழைய கருவியிலிருந்து எல்லாவற்றையும் தன் கம்ப்யூட்டருக்கு இறக்கி, அங்கிருந்து புதியதற்கு ஏற்றிக் கொடுத்தார். “கம்ப்யூட்டர்ல இருக்கறத அழிச்சிடு பாப்பா. கண்டவன் வந்து ஒக்காந்து நோண்டுவான்” என்று சொல்லிவிட்டு இவர் கூண்டுக்கு ஓடிவந்தார். ஏழு பத்துக்குச் சரியாக விசில் அடித்தார். அன்று இரவு, நாலு வருஷத்தில் முதல் தடவையாக, பழைய கருவிக்குச் சார்ஜர் போடாமல் படுத்தார். அப்படி ஒரு தூக்கம் தூங்கி எத்தனை காலம் ஆயிற்று என்று மறுநாள் விடியற்காலையில் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஆறு நாற்பதுக்குத் திருமானூர் வண்டி போயிற்று. புதியதைத் திறந்தார். தட்டினார். மறுபடி தட்டினார். விசில் வாயிலிருந்து நழுவிக் கயிற்றில் தொங்கியது.

“ஏஜெண்டு, இங்க வாங்க. இதுல எத்தினி இருக்குன்னு எண்ணுங்க.”

எண்பத்தாறு இருந்தன. இரண்டு முறை எண்ணினேன். பழையதை எடுத்துப் பிளக்கில் சொருகினார். அது கண் விழித்து, தன்னைப் புதிதாக வாங்கியவரிடம் கேட்பதுபோல, நாலு மூலையிலும் உள்ள கூட்டல் குறியைத் தொடச் சொன்னது. உள்ளே ஒன்றுமில்லை. அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மற்ற இருநூற்று இருபத்தாறும்தான் அவர் விரும்பி, படித்து, திரும்பப் படித்து, வைத்துக்கொண்டவை. எண்பத்தாறு இன்னும் பிரித்துக்கூடப் பார்க்காதவை.

“பாப்பா பத்து மணிக்குத்தான் கடை தொறக்கும்” என்றார். கூண்டை விட்டுப் போக வழியில்லை. அன்று காலை ஒவ்வொரு வண்டிக்கும் அதனதன் நிமிஷத்தில் விசில் அடித்தார். பெரம்பலூர், செந்துறை, உடையார்பாளையம். நடுவில் கிடைத்த இடைவெளிகளில், படிக்க மனமில்லாத மனிதனாக, கையை மடியில் வைத்துக்கொண்டு எதிர் மாடியையே பார்த்திருந்தார். எனக்குப் பெரம்பலூரில் ஆள் காத்திருந்தார். நான் போகவில்லை. பாலிசி எங்கே ஓடிவிடப் போகிறது?

பத்து இருபத்தைந்து வண்டியை அனுப்பிவிட்டு, கிடைத்த அரைமணியில் இருவரும் மாடி ஏறினோம். தென்றல் விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

“மத்ததெல்லாம் வேணும்னேதான் சார் விட்டேன். எல்லாம் பஸ் டைம்தானே. டி.எம்.ஆர் அறுநூத்தி நாப்பது, ஜே.கே.எம் ஆயிரத்து அம்பத்தஞ்சுன்னு வரிசையா கெடந்துச்சு. ஏப்ரல்ல பல வண்டிக்கு டைம் மாத்தியாச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? பழைய லிஸ்ட் எதுக்கு புதுசுலன்னு...”

அமிர்தலிங்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“டைம் எனக்கு மனப்பாடம் பாப்பா. அத நான் எதுக்கு எழுதி வைக்கப்போறேன்?”

அப்புறம்தான் எனக்கே விவரம் தெரிந்தது. புத்தகத்தின் முழுப்பெயரைக் குச்சியால் எழுத்து எழுத்தாகத் தட்டுவதற்குச் சோம்பல்பட்டு, தனக்குப் பிடித்த ஒவ்வொன்றுக்கும் அதைப் படிக்கும் வண்டியின் பெயரையே, ஒன்று இரண்டு என்று எண் சேர்த்து, வைத்திருக்கிறார். டி.எம்.ஆர் அறுநூற்று நாற்பது என்றால் ஆறு நாற்பது திருமானூர் வண்டி. அது போனால் அடுத்த வண்டிக்குப் பன்னிரண்டு நிமிஷம். அதற்கு ஒரு சிறுகதை. ஜெயங்கொண்டம் வண்டிக்குப் பிறகு நாற்பது நிமிஷம். அதற்கு நாவல். “செந்துறை மினி பஸ்ஸுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல மூணே நிமிசம். அதுல கவித. பிடிச்சா இன்னொரு தடவ படிக்கலாம், நேரம் இருக்கும்” என்று, அந்த நிலைமையிலும், எங்களுக்கு விளக்கினார்.

தென்றலின் முகம் வெளுத்துப்போயிற்று. “கம்ப்யூட்டர்ல இருந்ததையும் நீங்க அழிக்கச் சொன்னீங்களே சார்” என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அழித்தவை நேராகப் போய்விடாது, முதலில் திரையின் மூலையில் இருக்கும் குப்பைத்தொட்டியில் விழும் என்றார். ஆனால் தினமும் கடை சாத்துமுன் அந்தத் தொட்டியைக் காலி செய்வது அவர் வழக்கமாம். காலி செய்துவிட்டால் எந்தச் சாமி வந்தாலும் எடுக்க முடியாதாம்.

“நேத்து காலி பண்ணுனியா?” என்றார் அமிர்தலிங்கம்.

“அதான் சார் யோசிக்கிறேன். கூட்டிட்டு, லைட்ட அணைச்சுட்டு, இதுல வந்து ஒக்காரப் போனேன். நீங்க ஏழு பத்துக்கு விசில் அடிச்சிட்டீங்க. அப்படியே சுவிட்ச நிறுத்திட்டு ஓடியாந்து ஏறுனேன். ஒரு நிமிசம் விட்டுருந்தீங்கன்னா காலி பண்ணியிருப்பேன்.”

தொட்டியைத் திறந்தார். யார் யாருடையவோ பயோடேட்டா, கல்யாணப் பத்திரிகை, ஒரு குழந்தையின் மங்கலான போட்டோ, பாலிடெக்னிக் விண்ணப்பம். தென்றல் அம்புக்குறியைக் கீழே இறக்கிக்கொண்டே போனார்.

“இருக்கு சார்” என்றார் தென்றல்.

இருநூற்று இருபத்தாறும் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. புதிய கருவியைச் சொருகினார். திரையில் ஒரு நீலக் கோடு வலப்பக்கம் நகர ஆரம்பித்தது. நல்ல வேளை, அன்று கரண்ட்டும் மரியாதையாக நடந்துகொண்டது. கோடு முழுசாக நிறைந்ததும் தென்றல் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கம் என்ன? இதெல்லாம் ஒரு படிப்பா என்று நான் கேலி செய்த சாமானுக்காகத்தான். அமிர்தலிங்கம் மட்டும், “சி.டி.யில ரெண்டு காப்பி போட்டுக் குடு பாப்பா” என்றார். பிறகு கருவியை இரண்டு கையாலும் வாங்கி, வெளிச்சத்துக்காக ஜன்னலோரம் போய் நின்றார். குச்சியால் இரண்டு தட்டு. எதைத் திறந்தார் என்று நான் கேட்கவில்லை. உதடு மெல்ல அசைந்தது. பத்து வரி முடிந்ததும் ஒரு தட்டு, அடுத்த பத்து வரி.

கீழே ஜெயங்கொண்டம் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. ஜெயங்கொண்டத்திலும் ஒரு பாலிசி பாக்கி இருந்தது, அதிலாவது ஏறிவிடலாம் என்று பையை எடுத்தேன். ஹாரன் ஒருமுறை அடித்தது. பிறகு இரண்டுமுறை. கண்டக்டர் அரியமுத்து கூண்டுக்குள் எட்டிப் பார்த்து, ஆள் இல்லாததைக் கண்டு, நிமிர்ந்து மாடியைப் பார்த்துக் கத்தினார்.

“அண்ணே! அம்பத்தஞ்சு ஆயிப்போச்சுண்ணே! விசில் அடிங்கண்ணே!”

அமிர்தலிங்கம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடது கையை மட்டும் ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டி, இரு என்று விரித்துக் காட்டினார்.