கம்ப்யூட்டர் சென்டரில் இடம் வலம் தகராறு

ஒரே கம்ப்யூட்டர்ல இன்னொருத்தரோட மாத்தி மாத்தி உட்கார்ந்து குப்பை கொட்டினவங்களுக்குத்தான் தெரியும், வேலையைவிடப் பெரிய தலைவலி அடுத்த ஆளோட பழக்கம்னு. திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டர்ல நானும் முனிரத்தினமும் அப்படித்தான் காலம் தள்ளினோம்.

ரெண்டு ரோடு

எங்க கடைக்கு மவுஸ் வராத காலம். நீல ஸ்கிரீன்ல பக்கத்துல பக்கத்துல ரெண்டு கட்டம் இருக்கும். ஒண்ணுல எங்க கம்ப்யூட்டர்ல இருக்கற ஃபைல், இன்னொண்ணுல ஃப்ளாப்பியில இருக்கறது. வெளிச்சக் கோடு எந்தக் கட்டத்துல நிக்குதோ, அங்கிருந்து அடுத்த கட்டத்துக்கு ஒரு பட்டன் தட்டினா காப்பி ஆயிடும். எனக்கு எப்பவும் நம்ம கம்ப்யூட்டர் எடப்பக்கம், ஃப்ளாப்பி வலப்பக்கம். முனிரத்தினம் உட்கார்ந்து எழுந்தான்னா எல்லாம் தலைகீழா இருக்கும். திட்டிக்கினே மாத்துவேன். அவனுக்கு ரோஷம் வந்துடும். "மலைக்கு ஏற ஒரு ரோடு, எறங்க ஒரு ரோடு. நீதாங்க்கா எறங்கற ரோட்ல ஏறிக்கினு இருக்க."

எடது கை

சுமதி, நகரியில தறி ஓட்டறவரோட பொண்ணு. ஒரு மாசமா எங்க கடைக்கு வந்து காலேஜ் ப்ராஜெக்டை முடிச்சா. மறுநாள் சென்னையில ஒரு கம்பெனியில இன்டர்வியூ. ப்ராஜெக்டை ஃப்ளாப்பியில கொண்டு வரச் சொல்லியிருந்தாங்க. அவ ஃப்ளாப்பியில இருந்தது போன வாரத்து அரைகுறை, முழுசும் எங்க கம்ப்யூட்டர்ல. நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கணும்னு அவங்கப்பாவும் கூட வந்து நின்னார். இந்த எடக்கட்டத்துல இருந்து வலக்கட்டத்துக்குப் போவும் பாருங்கன்னு பெருமையா காட்டினேன். அவர் முகம் சுருங்கிப்போச்சு. "ஏம்மா, நல்ல காரியத்துக்குப் போற பொண்ணுக்கு எடது கையாலயா எடுத்துக் குடுப்ப?"

போச்சுடா சாமி

பெரியவர் மனசு நோகக் கூடாதேன்னு ரெண்டு கட்டத்தையும் இடம் மாத்தினேன். என் விரலுக்கு அது தெரியணுமே. பழக்க தோஷத்துல வெளிச்சக் கோட்டை எடப்பக்கம் கொண்டுபோய்த் தட்டிட்டேன். ஏற்கெனவே அதே பேர்ல ஒண்ணு இருக்கே, அது மேலயே எழுதவான்னு கம்ப்யூட்டர் கேட்டுச்சு. அதுக்கும் எழுதுன்னு தட்டினேன். அரைகுறை ஃபைல் முழு ஃபைல் மேல ஏறி உட்கார்ந்துக்கிச்சு.

ஒரு பொண்ணோட பொழப்பைக் கெடுத்துட்டனேன்னு கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு. சுமதி மட்டும் பதறாம என்னை நகரச் சொல்லிட்டு கம்ப்யூட்டர்லயே வேற ஒரு டைரக்டரியைத் திறந்தா. அதுல முழு ப்ராஜெக்டும் பத்திரமா இருந்தது. "நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமா காப்பி பண்றத ஒரு மாசமா பாத்துக்கினே இருக்கேங்க்கா, அதான் உங்களுக்குத் தெரியாம மூணாவதா ஒண்ணு வெச்சிருந்தேன்."

சுமதி வேலை கெடைச்சு சென்னைக்கே போயிட்டா, நாங்க ரெண்டு பேரும்தான் எந்தப் பக்கம் சரின்னு சண்டை போட்டுக்கினு அதே கம்ப்யூட்டர் முன்னாடி இன்னும் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தோம்.