கண்டக்டர் சொல்லாத ரைட்

கண்டக்டருக்கு வாயில் வேறு வார்த்தையே கிடையாதா என்று அவர் மனைவி கேட்காத நாளில்லை. வண்டி கிளம்ப ‘ரைட்’. சில்லறைக்காக மல்லுக்கு நிற்கும் ஆளிடம் ‘ரைட்டு, விடுங்க’. வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்றால் ‘ரைட்டு’. மாமியார் வருகிறார் என்றால் ‘ரைட்...டு’. அந்த இழுப்புக்கு என்ன அர்த்தம் என்று மனைவிக்கு நன்றாகவே தெரியும்.

ஒரே மகள் சின்னவளாக இருந்தபோது பள்ளிக்கூடத்துக்கு இவர் வண்டியில்தான் போவாள். படிக்கட்டுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அப்பாவை முந்திக்கொண்டு “ரைட்!” என்று கத்துவாள். டிரைவரும் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துவிடுவார்.

அந்த மகளுக்கு எங்கோ கண்காணாத ஊரில் வேலை கிடைத்தது. “போகட்டுமாப்பா?” என்றாள். போகாதே என்று சொல்லத்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. பாழாய்ப்போன வாய், பழக்க தோஷத்தில் “ரைட்டும்மா” என்றது. பிள்ளையின் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு சொன்னதைத் திரும்ப வாங்க அவருக்கு மனசு வரவில்லை.

மகள் கிளம்பும் நாளில் அவருக்கு லீவு கொடுக்க மறுத்துவிட்டார்கள். “அதனாலென்ன, ஸ்டேஷன் வரைக்கும் உங்க வண்டியிலயே வர்றேன்” என்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஏறிவிட்டாள். ஸ்டேஷன் நிறுத்தத்தில் பெட்டிகளைத் தானே இறக்கி வைத்துவிட்டு, கண்டக்டர் மறுபடி படியில் ஏறினார். இனி அவர் ஒரு சொல் சொல்ல வேண்டும். சொன்னால் வண்டி போய்விடும், மகள் அங்கேயே நின்றுவிடுவாள்.

“என்னண்ணே, போலாமா?” டிரைவர் குரல் கொடுத்தார்.

“யோவ் கண்டக்டர், தூங்கிட்டியா? ஆபீசுக்கு நேரமாச்சுய்யா!” பின் சீட்டிலிருந்து ஒருவர் எகிறினார்.

கண்டக்டர் கம்பியைப் பிடித்தபடி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே நின்ற மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினாள்.

“ரைட்!”

டிரைவருக்கு அந்தக் குரல் பழகிய குரல். வண்டி நகர்ந்தது.

இப்போது வேலைக்குக் கிளம்பும் முன் மகள் ஃபோன் பண்ணுகிறாள். பேச்சு முடியப்போகிறது என்று தெரிந்தாலே, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டதிலிருந்து ஆரம்பித்து ஊர்க்கதையெல்லாம் அளக்கிறார் கண்டக்டர்.

“அப்பா, நேரமாச்சு. ரைட் சொல்லுங்க, வச்சிடறேன்.”

“இரும்மா, முக்கியமா இன்னொரு விஷயம்” என்கிறார்.

ஒரு விஷயமும் இல்லை.